கிட்டார் இல்லாத பெண்கள்

ஒஸ்லோவின் அந்தச் சிறிய திரையரங்கில் அம்மாவும் நானும் இருந்தோம். தங்கை அபி இல்லை. பள்ளி ராக் இசைக்குழுவில் அவள் சேர அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் அவரை அழைத்து வந்திருந்தேன். படத்தின் பெயரில் இருந்த 'குரூப்பி' என்றால் குழுவில் வாசிப்பவள் என்று, வீட்டில் முதலில் படித்தவனான நான், அகராதி பாராமலே நம்பியிருந்தேன்.

குறைந்த செலவில் எடுத்த பிரித்தானியப் படம். திரையிலோ, பாடகர்களின் பின்னால் திரியும் ரசிகைகள். ஒருத்தியை மழையில் நடுவீதியில் இறக்கிவிட்டு வேன் போனது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். அபியின் ஆசை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

படம் முடிந்து மெட்ரோவுக்கு நடந்தோம்.

"என்ரை பிழைதான் அம்மா."

"கதையாதை. அந்தப் பெட்டையள் ஒருத்தியின்ரை கையிலையாவது கிட்டார் இருந்ததே? எங்கட பிள்ளைக்குச் சொந்தமா ஒண்டு வாங்கு."

படத்தைச் சரியாகப் பார்த்தது அம்மாதான். அபிக்கு வாங்கிய கிட்டார் இரண்டாயிரத்து நானூறு குரோணர்.