தொட்டி வழிந்த ஞாயிறு

இருபத்தேழு வயதாகும் நான் அதியமான்கோட்டையில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறேன். முன்பெல்லாம், கல்யாணப் பேச்சை எடுப்பாரோ என்று பயந்து கீழ்வீட்டு அக்காவிடம் சிரிப்போடு நிறுத்திக்கொள்வேன்.

ஒரு ஞாயிறு காலை மோட்டாரைப் போட்டுவிட்டு, மொட்டைமாடிக் குளியலறைக்குள் போனேன். தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. மோட்டார் இரைச்சலில் என் கத்தல் யாருக்கும் கேட்கவில்லை. என்னைக் காணோம் என்று யார் தேடுவார்கள்? ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. அழுதுவிட்டேன்.

தொட்டி நிரம்பி வழிந்து, கீழே காயவைத்த கேழ்வரகு நனைந்ததும் அக்கா சண்டைக்கு மேலே வந்தார்.

“ஏம்மா, மோட்டார நிறுத்தத் தெரியாதா?”

“அக்கா, கதவு தெறக்கலீங்க!”

கதவை உதைத்துத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் திட்டவில்லை. “வூட்டுக்கு வா கண்ணு, சாப்புடலாம்” என்றார்.

இப்போது தினமும், “போயிட்டு வரேங்கக்கா” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். கல்யாணம் எப்போது என்று கேட்கத்தான் செய்கிறார். கேட்கட்டும், கேட்கவாவது ஒருவர் இருக்கிறாரே.