தலைவர் வரட்டும் என்றேன்

ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானல் கடைத்தெருவில் ஒரு பாயின் ஜவுளிக்கடை முகப்பில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தேன். பகுத்தறிவு மேடைப் பேச்சுகளைக் கேட்டுக் கேட்டு, சடங்கு என்றாலே சண்டைக்குப் போகிற ஆளாக இருந்தேன். எங்கள் கல்யாணமே ஐயர் இல்லாமல், மைக் வைத்து நடந்ததுதான். முதல் குழந்தை பெண்ணாகப் பிறந்ததும், ஜாதகம் கிடையாது, சாமி கிடையாது, மதுரையிலிருந்து எங்கள் தலைவர் வந்து மேடையில் பெயர் சூட்டுவார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன்.

எங்கள் ஆட்களிடம் அப்போது அது ஒரு வழக்கம். தலைவர் வாயால் சொல்லும்வரை பிள்ளைக்குப் பெயர் கிடையாது. எத்தனை மாதமானாலும் வெறும் பாப்பாதான்.

முதலில் குறித்த தேதியில் அவருக்கு வேறு கூட்டம் வந்துவிட்டது. இரண்டாவது தேதிக்கு மழையில் மலைப்பாதை சரிந்து, பஸ் வத்தலக்குண்டோடு நின்றுபோனது. மகளுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது.

"ஏங்க, நம்மளே ஒரு பேரச் சொல்லிக் கூப்பிடுவமே" என்றாள் மனைவி. ஊர் சிரிக்கும், தலைவர் வரட்டும் என்று அடக்கிவிட்டேன்.

"பேரு வைக்க எதுக்குத் தம்பி பஸ்ஸு வரணும்?" என்று பாய்கூடக் கிண்டல் செய்தார். அவரிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்படி ஒரு வீம்பு எனக்கு.

மூன்றாவது தேதி, மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாய் மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் கடை பெஞ்சுகளைத் தருவதாகச் சொன்னார். நான் பூப்போட்ட துணியில் கவுன் தைத்து முடித்தேன். வியாழக்கிழமை பாப்பாவுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சீட்டு எழுதிய நர்ஸ் பெயர் கேட்டாள். "இன்னும் வைக்கல, ஞாயித்துக்கெழமதாங்க" என்றேன்.

சனிக்கிழமை விடியும்போது குழந்தைக்குக் கண் சொருகியது. "பாப்பா, பாப்பா" என்று என் மனைவி கத்தினாள். கூப்பிட அவளுக்கு வேறு பெயர் இல்லை. அந்த வார்டில் இருந்த எல்லாக் குழந்தைகளும் பாப்பாதான்.

ஐயர் இல்லாததால்தான் பிள்ளை தங்கவில்லை என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். அதை அன்றும் நான் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை.

தலைவருக்குத் தகவல் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஞாயிறு காலை பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். விஷயம் தெரிந்து நேரே வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"எம்புள்ளைக்கு என்ன பேருங்கய்யா கொண்டாந்தீங்க?" என்று கேட்டாள் மனைவி.

அவர் திகைத்துப் போனார். "நான் எங்கம்மா வைக்கிறேன்? பெத்தவங்க மனசுல ஒரு பேரு இருக்கும். மேடை ஏறும்போது அதைக் கேட்டுக்கிட்டு, அதைத்தான் நான் சொல்லுவேன். நீங்க என்னம்மா நெனச்சிருந்தீங்க?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

பிறகு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். பிறந்த அன்றே, யாரையும் கேட்காமல் அவளே பெயர் வைத்தாள். மூத்தவளுக்கு நினைத்திருந்த பெயரை மட்டும் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. ஐயரை வாசலோடு நிறுத்தத் தெரிந்தும், சொந்த மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்னொருவருக்காகக் காத்துக் கிடந்த எனக்கு, அதைக் கேட்கும் தைரியமும் வந்ததில்லை.