சிவப்பு மையில் ஒரு ‘நன்று’

புதன்கிழமை என்றால் எனக்குக் காலையிலிருந்தே பதற்றம்தான். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில், சிகரெட் பழக்கத்தை விட நினைக்கும் பையன்களோடு பேசுவதற்காக வாரம் ஒரு நாள் போகும் ஆலோசகன் நான். விலங்கியல் ஆய்வகத்தின் மூலையில் இரண்டு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான்தான். அதனாலோ என்னவோ, வேலையில் ஏதாவது பிசகினால், ‘படிச்சவன் பண்ற வேலையா இது’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் எப்போதும் உண்டு. ஒருநாள் கேட்டேவிட்டார்கள்.

வருகிற பையன் ஒவ்வொருவனுக்கும் சட்டைப் பையில் அடங்குகிற ஒரு நோட்டுக் கொடுப்பேன். சிகரெட்டைப் பற்றவைக்கும் முன்னால் நான்கு விஷயங்களை அதில் எழுத வேண்டும். மணி என்ன, எந்த இடம், கூட யார், ஆசை பத்துக்கு எத்தனை. எழுதுகிற நேரத்திலேயே ஆசை கொஞ்சம் தணியும். தணியாவிட்டால் தண்ணீர் குடித்துவிட்டு, அந்த இடத்தை விட்டு நகர்ந்து, பத்து நிமிடம் தள்ளிப்போட வேண்டும். “நோட்டுல இருக்கறது உனக்கும் எனக்கும் மட்டும்தான்” என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அந்தப் பையன் பதினொன்றாம் வகுப்பு. யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை, அவனாகவே வந்தான். கபடி ஆடும்போது மூச்சு நிற்கவில்லை என்றான். அப்பா ரிக் வண்டி டிரைவர். ஆழ்துளைக் கிணறு தோண்ட வடக்கே போனால் ஆறேழு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவார். பையன் ஒரு நாளைக்கு ஏழு சிகரெட்டில் ஆரம்பித்தான். ஐந்தாவது வாரம் இரண்டுக்கு வந்துவிட்டான். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அந்தப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் ‘நன்று’ என்று எழுதி, இரண்டு டிக் அடித்தேன்.

என் அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் என் நோட்டைப் புரட்டி, சிவப்பில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று மட்டும் கண்டுபிடித்துவிடுவாள். இருந்தால் அன்றைக்கு முட்டை பொரித்துத் தருவாள். அந்தச் சொல்லை யாருக்காவது எழுதிக் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை.

அடுத்த புதன் அவன் வரவில்லை. வகுப்பாசிரியரிடம் கேட்டேன்.

“ரெண்டு நாளா லீவு சார். ஊட்டுல ஏதோ நோட்டு சிக்கிருச்சாம். அவங்கப்பன் ரிக்குக்கு வரச் சொல்லிட்டாராம். சனிக்கிழமை இங்கிருந்து வேற வண்டி கிளம்புதுன்னாங்க.”

என் அப்பா பதினாறு வயதில் கிளீனராக லாரி ஏறியவர். தூங்காமல் இருக்கப் பீடி, லோடு ஏற்றும் வரை பீடி, செக்போஸ்ட்டில் நிற்கும்போது பீடி. இன்றைக்கு அவர் நான்கு படி ஏறினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ரிக்கில் ஏறினால் இந்தப் பையனின் இரண்டு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அவனை ஏற்றிவிடப் போவது என் நோட்டு.

தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவன் அம்மா அப்போதுதான் கோழிப்பண்ணை வேலையிலிருந்து வந்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் உள்ளே போய் நோட்டை எடுத்து வந்து கட்டிலில் போட்டார்.

“ஏனுங்க, சிகரெட்டு குடிக்கறதுக்கு நோட்டு போட்டுக் குடுத்தது நீங்கதானுங்களா?”

“இல்லீங்கம்மா, அது வந்து...”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆனா இது தெரியும்.” விரலை வைத்துக் காட்டினார். “இது நன்றுதானுங்களே? எங்க பாப்பா நோட்டுல டீச்சரு போடறதுதானுங்களே? கோழிக்குத் தீனி அள்ளிப் போட்டு இவனைப் படிக்க அனுப்புனா, குடிச்சதுக்கு நன்று போடுவீங்களா? படிச்சவரு பண்ற வேலைங்களா இது?”

மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோனது. ஐந்தாவது படிக்கும் தங்கச்சி எட்டிப் பார்த்து, “ரெண்டு டிக்கும் போட்டிருக்காரும்மா” என்றாள்.

“நீ சும்மா இருடி, சிஐடி” என்றான் பையன் கதவோரத்திலிருந்து.

“ரெண்டு குடிச்சதுக்குப் போடலீங்க. மீதி அஞ்சு குடிக்காம உட்டானுங்க, அதுக்குத்தான் போட்டேன்” என்றேன்.

“அந்த அஞ்சு எங்கீங்க எழுதியிருக்குது?”

நோட்டைப் பார்த்தேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. குடித்ததற்கு நான்கு கட்டம் போட்ட நான், குடிக்காமல் விட்டதற்கு ஒரு கட்டம் போடவில்லை.

அவர் போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். பையனை ரிக்குக்குக் கூப்பிட வேண்டாம் என்று கேட்டேன். துளை போடும் இரைச்சலுக்கு நடுவே அவன் அப்பாவின் குரல் வந்தது.

“சார், என்ற கண்ணு முன்னால இருந்தாப் பயப்படுவான். அவ்வளவுதான்.”

“உங்களுக்குப் பயப்படுவானுங்க. தூங்காம வண்டியில உக்காந்திருக்கோணும்னு பக்கத்துல இருக்கறவங்க நீட்டுனா?”

என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். படியில் நிற்பதையும் சொன்னேன். கட் ஆகிவிட்டதோ என்று அந்த அம்மா போனைத் திருப்பிப் பார்த்தார்.

“பக்கத்துல இருக்கறவன் என்னங்க... முழிச்சிருக்கோணும்னா நானே குடுத்துருவேன்.” அப்புறம் குரல் இறுகியது. “சரி, முழுப் பரீட்சை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஒண்ணு குடிச்சான்னாலும் அடுத்த வண்டிதான். நோட்டை அவங்கம்மாகிட்டத் தினம் காட்டோணும்.”

“சரிங்க” என்றேன்.

சொன்ன பிறகுதான் பையனைப் பார்த்தேன். ‘உனக்கும் எனக்கும் மட்டும்’ என்று சொன்னவன், அவனை ஒரு வார்த்தை கேட்காமல் அதைக் கொடுத்துவிட்டேன். அவன் செருப்பின் வாரைக் கால் விரலால் இழுத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த புதன் வந்தான். அன்று அவன் வீட்டிலேயே நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தோம், குடிக்காமல் விட்டது என்று. அந்தக் கட்டம் நிறைந்திருந்தது. குடித்ததற்கான கட்டத்தில் ஏழு நாளும் பூஜ்யம். ஒவ்வொரு நாளுக்கும் கீழே அம்மா பார்த்ததற்கு அடையாளமாகப் பேனாவால் ஒரு கோடு.

ஏழு சிகரெட் எழுதியிருந்த பக்கம்கூட என்னை அப்படிப் பயமுறுத்தியதில்லை. அம்மாவுக்குக் காட்ட எழுதிய பூஜ்யமா, நிஜமாகவே பூஜ்யமா என்று தெரியவில்லை. பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஜியாமெட்ரி பாக்ஸின் அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்தான். ‘ஞாயிறு மாலை நாலு மணி. ஏரிக்கரை. கூட யாரும் இல்லை. ஆசை ஒன்பது. ஒன்று. பாதியில் அணைத்துவிட்டேன்.’

“எங்கம்மாகிட்டச் சொல்லிருவீங்களா சார்?”

சொன்னால் அவன் ரிக் ஏறுவான். சொல்லாமல், அந்த வீட்டுக்குத் தெரிந்துவிட்டால், இனி என் பேச்சு அங்கே எடுபடாது.

“சொல்ல மாட்டேன். நீயாச் சொல்லலாம்னு தோணற அன்னைக்குச் சொல்லு. நானும் கூட வாரேன்.”

“அன்னைக்கும் எங்கம்மா உங்களைத்தான் சார் மொதல்ல திட்டும்” என்றான்.

“திட்டட்டும். பழகிருச்சு.”

அந்த வாரம் முதன்முறையாகச் சிரித்தான்.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். அவன் வீட்டில் சிக்கிவிடக் கூடாது என்று நான் வாங்கிக்கொண்ட அந்த மடித்த தாள் சட்டைப் பையில் இருந்தது. கூட்டம் நெருக்கும்போதெல்லாம் விழுந்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். பஸ்ஸில் கோழிப்பண்ணைப் பெண்கள் நான்கைந்து பேர் ஏறினார்கள். அவர்களில் அந்த அம்மா இருக்கிறாரா என்று நிமிர்ந்து பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.