அன்னாசிக் குட்டிகள்

அப்பாவிடம் வாங்கிய அடிகளில் ஒன்றை மட்டும் இன்னொரு முறை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். அது அன்னாசிச் செடிக்காக வாங்கியது.

எழுபதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயது. ஆரம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், குளிக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில், அப்பா ஒரு அன்னாசிக் கொண்டையை ஊன்றியிருந்தார். இரண்டு வருடம் அது முள்ளைக் காட்டிக்கொண்டு சும்மா நின்றது. மூன்றாம் வருடம் நடுவே சிவந்து, ஊதா நிறத்தில் சின்னச் சின்னதாகப் பூத்து, கைமுட்டி அளவுக்கு ஒரு பழம் பழுத்தது. அம்மா முழுகாமல் இருந்ததால் அவளுக்கு ஒரு துண்டுகூடக் கிடையாது. நாங்கள் மூன்று பெண்களும் அப்பாவும் நாக்கு எரிய எரியத் தின்று தீர்த்தோம்.

நான்காவதும் பெண்ணாகவே பிறந்தது. அம்மாவுக்கு ரத்தம் நிற்காமல், பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. இன்னொன்று பெற்றால் உயிர் தங்காது, ஆபரேஷன் செய்துகொள் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனாராம். இதெல்லாம் பின்னாளில் தெரிந்துகொண்டது. ஒரு பையன் பிறக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாராம் அப்பா, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல.

அந்த நாட்களில்தான் செடியின் அடியில் நான்கு குட்டிகள் முளைத்தன. தாய்ச்செடி நுனியிலிருந்து காயத் தொடங்கியது. ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"குட்டி போட்டுடுச்சில்ல, இனிமே அது அவ்ளோதான். போனா போவுது, அதான் நாலு குட்டி கீதே."

குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

மறுநாள் நான்கு குட்டிகளையும் பிடுங்கிக் கொண்டுபோய்க் குப்பைமேட்டுக்குப் பின்னால் வீசினேன். கையெல்லாம் முள் கிழித்தது. கும்மிடிப்பூண்டியில் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா, ஒரு குட்டியை மேஸ்திரிக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். எங்கே போட்டாய் என்று கேட்டு முதுகில் ஒன்று வைத்தார். நான் சொல்லவில்லை.

"அம்மாச் செடி சாவக் கூடாது. திரும்ப மொளைச்சா திரும்பவும் புடுங்குவேன்!" என்று கத்தினேன்.

அடுத்த அடிக்கு ஓங்கிய கையை அம்மா பிடித்துக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததேயில்லை.

"அவள அடிக்காதய்யா. திங்கக்கெழம நான் நர்ஸம்மா கூட பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போறேன். பெக்கறவ நானு. போதும்னும் நான்தான் சொல்லுவேன்."

இனி இந்த வீட்டுச் சோறே வேண்டாம் என்றார் அப்பா. அம்மா கைக்குழந்தையோடு ரயிலேறிப் போனாள். ஒரு வாரம் கழித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நடந்து வந்தாள். வயிற்றுவலிக்கு வைத்தியம் என்று எங்களுக்குச் சொன்னார்கள்.

நான் குடம் குடமாக ஊற்றியும் செடி பிழைக்கவில்லை. ஒரு மாதத்தில் மட்டையெல்லாம் காய்ந்து சாய்ந்துவிட்டது. குப்பைமேட்டிலோ, நான் வீசிய நான்கும் வேர்விட்டு நிமிர்ந்து நின்றன. என்ன திமிர்! ஆத்திரத்தோடு ஒன்றைப் பிடித்து இழுத்தேன்.

"வுடுடி அதுங்கள. அதுங்க இன்னா பண்ணுச்சி, பாவம்?" என்று பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நான்கையும் தானே பதமாகப் பெயர்த்து வந்து, வீட்டுக்குப் பின்னால் இடம்விட்டு நட்டாள். தண்ணீர் கொண்டுவா என்று என்னையே ஏவினாள். முதுகில் அடி வாங்கியதெல்லாம் எதற்காக? இவள் யார் பக்கம் என்று எனக்கு விளங்கவேயில்லை.