குளிர்சாதனத்தின் முதுகு

பம்பாய் மாட்டுங்காவில் அக்கா வீட்டுக்காரர், என் அத்திம்பேரின் காபி ஹோட்டல் புதுக் கட்டடத்துக்கு மாறிய அந்த மே மாதத்தை நினைத்தால், இன்றும் என்னால் உட்கார முடிவதில்லை, எழுந்து நடக்க வேண்டும். யுத்தம் முடிந்திருந்தது. ஊரே எதையாவது புதிதாக வாங்கிவிடத் துடித்தது. எனக்குப் பகலில் ஃபோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை. மாலையில் அத்திம்பேரோடு கடை கடையாக ஏறிக் குளிர்ச்சி தேடும் வேலை.

மின்விசிறி போட்டுப் பார்த்தோம்: வாழையிலை புரண்டு, ரசம் பக்கத்து ஆள் மடியில். வெட்டிவேர்த் தட்டி கட்டிப் பார்த்தோம்: கடற்காற்றின் பிசுபிசுப்போடு அதன் ஈரமும் சேர்ந்து, சட்டையைப் பிழியலாம். கடைசியில் வந்தது அமெரிக்க யந்திரம், பின்முற்றத்து ஜன்னலை அடைத்துக்கொண்டு, பீரோ மாதிரி. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துப் பதில் சொன்னால் போதும் என்றார் கம்பெனிக்காரர், ஒரு குஜராத்தி.

"ஏக்தம் காஷ்மீர், ஸேட்!" என்று அதன் குமிழைத் திருகினார்.

பிடரியில் காற்று! வியர்வை உலர்வதில் இத்தனை ருசியா? நான் மேஜை மேஜையாக மாறி உட்கார்ந்தேன். "மாவரைக்கறவாளும் மனுஷாதானே" என்று அத்திம்பேர் மாவறைக் கதவையும் கழற்றச் சொன்னார். பின்னால் இருந்த மாவறைக்கும் காஷ்மீர் போயிற்று. தப்பு அங்கேதான்.

திறப்புக்கு முதல்நாள் காலை, சமையல்காரர் முதல் ஈடு இட்லியை எடுத்துத் தட்டில் போட்டார். டக்.

"மாவு பொங்கவே இல்லை" என்றார்.

இட்லிக்காகவே செம்பூரிலிருந்து ஜனங்கள் வரும் ஹோட்டல் அது.

"கழட்டுங்கோ அந்த மிஷினை!" அத்திம்பேர் கத்தினார்.

"தெருவெல்லாம் குளிர்ச்சி ஹோட்டல்னு நோட்டீஸ் ஒட்டியாச்சே" என்றேன்.

"அப்போ நாளைக்கு நோட்டீஸை வேகவெச்சுப் போடு!"

பின்முற்றத்திலிருந்து அக்காவின் குரல். "ஏன்னா, இங்க வந்து பாருங்கோ. இதோட முதுகு அனலாக் கக்கறது. என் ஒன்பது கஜம் அரைமணியில மொடமொடன்னு காஞ்சுடுத்து. மாவை இங்க வெச்சா என்ன?"

ஓடினோம். புது மாவு அரைபட்டது. நான்கு பானைகள், வாயில் வெள்ளைத் துணி, யந்திரத்தின் முதுகுக்கு எதிரே வரிசையாக. ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லியனுப்பிவிட்டுப் பத்து நிமிஷத்துக்கொரு தரம் துணியைத் தூக்கிப் பார்த்தேன். மத்தியானம்வரை ஒன்றுமில்லை. பிறகு ஒரு குமிழி. பிறகு, பானைக்குள் யாரோ மூச்சுவிடுவதுபோல், பத்து, நூறு. மாலை நாலு மணிக்குத் துணி குடையாக எழும்பி நின்றது. அக்காவும் நானும் கைதட்டினோம். சமையல்காரர் கும்பிட்டே விட்டார்.

என்ன முடிவு என்று கேட்கக் கம்பெனிக்காரர் வந்தபோது, அத்திம்பேர் அவரைக் குளிர்ந்த கூடத்தில் உட்காரவே விடவில்லை. கையைப் பிடித்துப் பின்முற்றத்துக்கு இழுத்துப்போய்ப் பானையைக் காட்டினார்.

"ஆகே டண்டா, பீச்சே இட்லி! பக்கா!" முன்னால் குளிர்ச்சி, பின்னால் இட்லி என்று தமக்குத் தெரிந்த ஹிந்தியில் முழங்கினார்.

அந்த மனிதர் மாவைப் பார்த்தார், யந்திரத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பிறகு ஆர்டர் புத்தகத்தைத் திறந்தார்.