எம்-100 பறந்த ஞாயிறு: மொன்றியலிலிருந்து 83 கிலோமீற்றர்

இந்த வலைப்பதிவில் நான் வழக்கமாக எழுதுவது ஒருநாள் பயணங்கள். அப்பிள் தோட்டம், நீர்வீழ்ச்சி, கோயில் திருவிழா. இம்முறை மாதிரி ரொக்கெட் பறக்கவிடும் வயலுக்குப் போனோம். போய் வந்து மூன்று கிழமையாகிவிட்டது, எழுத மனம் வரவில்லை. ஆனால் சென்ற பதிவில் இதைப்பற்றி ஒரு வரி சொன்னதைப் பிடித்துக்கொண்டு எப்படிப் போவது, எவ்வளவு காசு முடியும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்.

என் கணவர் தவராசாவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்து ஆறு வருடம். அவர் வேலை செய்த உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஒலெக் என்றொரு ரஷ்யர் இருந்தார். ஒலெக்கும் இன்னும் பத்துப் பன்னிரண்டு ரஷ்யர்களும் ஒரு மாடிக்கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் ரொக்கெட் கழகம் நடத்துகிறார்கள். பொழுதுபோக்குத்தானே என்று போனால் ஏமாந்து போவீர்கள். உண்மையில் வானத்துக்குப் போன ஒரு ரொக்கெட்டைத் தெரிவுசெய்து, அதன் வரைபடங்களையும் புகைப்படங்களையும் ஒரு கோப்பில் சேர்த்து, அளவைக் குறைத்து அச்சொட்டாகச் செய்ய வேண்டும். நடுவர் வேர்னியர் அளவுகோலோடு வந்து ஒவ்வொரு சிறகையும் அளப்பார். கோப்பில் ஆதாரம் இல்லாத ஆணிக்குப் புள்ளி கிடையாது. எல்லாம் சரியாக இருந்தாலும், அது பறந்து, பரசூட் விரிந்து, பத்திரமாக இறங்கினால்தான் அந்தப் புள்ளிகள் நிற்கும். இல்லாவிட்டால் பூச்சியம்.

தவராசா தெரிவுசெய்தது எம்-100. சோவியத் காலத்து வளிமண்டல ஆய்வு ரொக்கெட். கேரளத்தின் தும்பாவிலிருந்தும் பறந்தது என்பதால் தனக்குப் பாதிச் சொந்தம் என்பார். பத்தில் ஒரு பங்கு அளவு, எண்பத்திரண்டு சென்ரிமீற்றர் நீளம். ஊசிமுனையில் பசையைத் தொட்டுத் தொட்டு ஆணித்தலைகள் வைத்தார். அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் சீனி வியாதி கண்ணுக்கு ஏறியது. வலது கண் முற்றாகப் போய்விட்டது. இடது கண்ணில் பனிமூட்டம் மாதிரி ஏதோ தெரிகிறது. நவம்பரில் சத்திரசிகிச்சை. உள்ள பார்வையும் நிற்குமா என்று கேட்டதற்கு வைத்தியர் வாக்குத் தரவில்லை. அதற்கு முதல் அந்த ரொக்கெட் மேலே போவதை ஒருதரம் பார்த்துவிட வேண்டும். இவர் கேட்டது அவ்வளவுதான்.

மே மாதமே போயிருக்கலாம். நான் சனி ஞாயிறு மேலதிக வேலை எடுத்திருந்தேன். ஓகஸ்டில் மழை. இப்படித் தள்ளித் தள்ளித்தான் ஒக்டோபர் நடுப்பகுதி ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து நின்றோம்.

காலை 7.10க்கு மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து வெளிக்கிட்டோம். நாற்பதாம் நெடுஞ்சாலையில் கிழக்கே போய், ஆற்றுக்குக் கீழான சுரங்கப்பாதையைத் தாண்டி, இருபதாம் நெடுஞ்சாலை. சுரங்கத்தில் திருத்தவேலை நடந்ததால் இருபது நிமிடம் நின்றோம். மொத்தம் 83 கிலோமீற்றர், 8.50க்குப் போய்ச் சேர்ந்தோம். பெற்றோல் போக வர பதினாறு டொலர் வரும். பஸ்ஸில் போகலாமா என்று கேட்காதீர்கள், கடைசி ஒன்பது கிலோமீற்றருக்கு ஒன்றுமே இல்லை. பெரிய கிராமத்துச் சந்தியில் ஒரு தெப்பனர், அதாவது சின்னப் பலசரக்குக் கடை, இருக்கிறது, கோப்பி 2.25 டொலர். அதை விட்டால் பின்னேரம் வரை ஒன்றும் கிடைக்காது.

வயல் என்றால் சோளம் வெட்டிய கட்டைகள் நிற்கும் சேற்று நிலம். குளிர் இரண்டு பாகை. மேகம் வீட்டுக்கூரைக்கு மேலே இருப்பதுபோலத் தாழ்ந்து கிடந்தது, காற்றும் சும்மா இருக்கவில்லை. விருந்தாளிகளுக்கு வாகனத்துக்கு ஐந்து டொலர். நடமாடும் கழிப்பறை ஒன்று உண்டு, அதைப்பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

நடுவர் எம்-100ஐ நாற்பது நிமிடம் அளந்தார். பேசவே பேசாத மனிதர் இரண்டுதரம் தலையாட்டினார். அன்றைக்கு வந்த ஏழு ரொக்கெட்டுகளில் இவருடையதற்குத்தான் அதிக புள்ளி. ஒலெக் வந்து இவரின் முதுகில் தட்டினார். இந்த வருடத்தின் கடைசிப் பறப்பு என்று நான் பிரெஞ்சில் சொல்லப் போக, உதட்டில் விரலை வைத்துவிட்டார். பறக்கும் விஷயத்தில் ரஷ்யர்கள் 'கடைசி' என்ற சொல்லை வாயில் எடுக்க மாட்டார்களாம். பிறகு பரசூட் தயாரா என்று கேட்டார். தயார் என்று சொன்னேன்.

நான் செய்த பிழையை இங்கே சொல்லியாக வேண்டும். பரசூட் மெல்லிய பிளாஸ்ரிக் தாள். அதற்குப் பவுடர் பூசி, ஏவுவதற்குச் சற்று முன் வயலில் வைத்துத்தான் மடிக்க வேண்டும் என்பது கழகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விதி. இவர் எனக்கு நாலைந்துதரம் சொல்லியிருக்கிறார். முன்பு அவரே மடிப்பார், இப்போது என் கை. குளிரில் விரல் விறைக்குமே என்று நான் சனிக்கிழமை பின்னேரமே குசினி மேசையில் வைத்து மடித்து, உள்ளே தள்ளி, பெட்டியோடு காரின் டிக்கியில் வைத்துவிட்டேன். இவருக்குச் சொல்லவில்லை.

11.40க்கு எங்கள் முறை. ரஷ்ய மொழியில் ஐந்திலிருந்து கீழே எண்ணினார்கள், இவரும் சேர்ந்து எண்ணினார். நான் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் பெரிய திரையில் போட்டுக் காட்டலாம் என்று நினைத்தேன். சீறிக்கொண்டு கிளம்பிய ரொக்கெட்டைக் காற்று வலப்பக்கம் சரித்தது. மரவரிசைக்கு மேலாக ஏறி மேகத்தைத் தொடப் போனது. திரும்பி இவரைப் பார்த்தேன். இவர் நேரே மேலே, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒன்றுமில்லை.

பரசூட் விரிந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். ஒருவரும் தட்டவில்லை. எச்சரிக்கை ஹோர்ன் அடித்தது. ரொக்கெட் மூக்கு நிலத்தைப் பார்த்தபடி வந்து, அறுபது மீற்றர் தள்ளிச் சேற்றில் குத்தியது. நடுவர் மட்டத்தடி வைத்து அந்தப் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வெட்டினார். அவரைக் கோபிக்க முடியாது, விதி அதுதான்.

ஒலெக் துண்டுகளைப் பொறுக்கி வந்து இவரின் மடியில் வைத்தார். இவர் ஒவ்வொன்றாகத் தடவினார். நசுங்கிய குழாய்க்குள் விரலை விட்டுப் பரசூட்டை வெளியே இழுத்தார். அது இரவுக் குளிரில் மடித்தபடியே விறைத்து, சுருட்டிய வெற்றிலைபோல இருந்தது.

"நீர் நேற்றே மடிச்சனீரோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

கொஞ்ச நேரம் அதை விரலால் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "பரவாயில்லை, விடும். மேலை போனதைக் கண்டனான். நேரா, வடிவாப் போனது," என்றார்.

அது நேராகப் போகவில்லை. அது எனக்குத் தெரியும். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

1.15க்குத் திரும்பினோம். வழியில் ஸ்காபரோவிலிருக்கும் தம்பியோடு தொலைபேசியில் கதைத்தார். புகை எப்படி வந்தது, ரொக்கெட்டில் தான் பூசிய சிவப்பு வளையம் வெயிலில் எப்படி மினுங்கியது என்று விபரமாகச் சொன்னார். அன்றைக்கு வெயிலே இல்லை. நான் நூறில் ஓட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணீர் வந்தது, துடைத்தால் தெரிந்துவிடும் என்ற பயம்கூட இருக்கவில்லை, ஏனென்றால் அவர் கண்ணுக்கு அது தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: ஏவும் நாட்கள் மே முதல் ஒக்டோபர் வரை மாதம் ஒன்று. காற்றைப் பார்த்து முதல்நாள் பின்னேரம்தான் உறுதிசெய்வார்கள். நீண்ட ரப்பர் பூட்ஸ், சாப்பாடு, சுடுதண்ணீர்ப் போத்தல், மடக்குக் கதிரை கட்டாயம். பிரெஞ்சு அரைகுறையாகத் தெரிந்தாலும் சமாளிக்கலாம். பரசூட்டை வயலில் வைத்தே மடியுங்கள், விரல் விறைத்தால் விறைக்கட்டும். தள்ளிப்போடாமல் மே மாதத்து நாளிலேயே போங்கள், மேலதிக வேலை அடுத்த கிழமையும் இருக்கும்.

பார்வை மங்கிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். என்னிடம் நாற்பத்தொரு செக்கன் வீடியோ இருக்கிறது, அவர் இதுவரை அதைக் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று, இரண்டு தோளையும் பிடித்து, ரொக்கெட் போகிற பக்கம் திருப்பி விடுங்கள். நான் திருப்பிவிடவில்லை.