பாலம் கடக்காத சாச்சி

என் காக்காவும் நானும் ஒரு மரப்பாலத்தின் அடியில் ஒளிந்திருந்து, வருகிற போகிற ஆட்களை வெட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. தேங்காப்பட்டணத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் முன்னால், பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அந்தியில் மஃரிப் பாங்கு கேட்கும் வரை அதுதான் எங்களுக்கு வேலை. அண்ணனான காக்கா பத்தாம் வகுப்பு. அவன் தங்கையான எனக்குப் பத்து வயது. அவன் வெட்டுவான். யாராவது வருகிறார்களா என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

அந்த விளையாட்டில் புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு சின்ன கிராமத்தில் வந்து பிறப்பார்கள். உடம்பில் ஒரு பழுப்புச் சட்டை, கையில் ஒரு கம்பு, அவ்வளவுதான். ஊரை விட்டு வெளியே போக அந்தப் பாலம் ஒன்றே வழி. அதைக் கடந்தால்தான் பெரிய பட்டணங்கள், ஏரிகள், குதிரைகள் எல்லாம். நாங்களும் காக்காவின் கூட்டாளிகள் இரண்டு பேரும் கறுப்புக் கவசம் மாட்டிக்கொண்டு அங்கே காத்திருப்போம். செத்தவர்கள் மறுபடி கிராமத்தில் பிறந்து வருவார்கள், மறுபடி வெட்டுவோம். நாலைந்து முறை செத்தால் பெரும்பாலானவர்கள் அந்த விளையாட்டையே விட்டு ஓடிவிடுவார்கள். அதில் எங்களுக்கு ஒரு பெருமை.

இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லித் தந்தவர் சாச்சா, வாப்பாவின் தம்பி. வளைகுடாவில் வேலை பார்த்த அவர் லீவில் வரும்போதெல்லாம் எங்களோடு உட்கார்ந்து விளையாடுவார். அங்கே போனாலும் வெள்ளிக்கிழமை தோறும் அதே விளையாட்டில் இருப்பார். "புதுசா வாறவன பாலம் கடக்க விடப்பிடாது மக்கா. விட்டா நாளைக்கி நம்மளயே வெட்டுவான்" என்பது அவர் போதனை.

அந்த வருடம் சாச்சாவுக்குக் கல்யாணம் நடந்தது. திருவிதாங்கோட்டிலிருந்து சாச்சி வந்தாள். கல்யாணம் முடிந்த முப்பத்திரண்டாம் நாள் சாச்சா விமானம் ஏறிவிட்டார். போகும்போது சாச்சிக்கு ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பதினோரு பேர் இருக்கும் வீட்டில் சாச்சி அதிகம் பேசமாட்டாள். உம்மாவோடு அடுக்களையில் நிற்பாள், சாயங்காலம் வேலை ஒழிந்ததும் தன் அறைக்குள் போய்விடுவாள். எங்கள் கம்ப்யூட்டர் இருந்த சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அறை.

அந்தச் சமயத்தில்தான் பாலத்துக்கு ஒரு விசித்திரமான ஆள் வர ஆரம்பித்தது. பெயர்கூட வைத்துக்கொள்ளத் தெரியாமல், விளையாட்டே கொடுத்த எழுத்தும் எண்ணும் கலந்த பெயரோடு இருந்தது. நேராக நடக்கத் தெரியாது. சுவரில் போய் முட்டும், நின்ற இடத்திலேயே வட்டம் சுற்றும், ஒரு முறை ஆற்றில் விழுந்தது. எங்களைக் கண்டால் ஓடவும் செய்யாது. நின்று, கையை உயர்த்தி ஆட்டும். காக்கா வெட்டுவான். திரும்பப் பிறந்து வந்து, மறுபடியும் கையை ஆட்டும்.

"இவன் ஆருலே, சாவதுக்கு முன்னால டாட்டா காட்டுதான்!" என்று காக்கா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிவான். நானும் சிரித்தேன்.

ஒரு நாள் உம்மா, சாச்சியைத் தேயிலை குடிக்கக் கூப்பிடச் சொன்னாள். கதவு பாதி திறந்திருந்தது. சாச்சி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே லேப்டாப்பில் அந்த மரப்பாலம். பழுப்புச் சட்டை போட்ட உருவம் தரையில் விழுந்து கிடந்தது. மேலே எனக்கு மனப்பாடமாகிவிட்ட அந்தப் பெயர்.

என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு மூடப் போனவள், பிறகு என்ன நினைத்தாளோ, கேட்டாள்.

"பிள்ளை, ஒனக்கு இது தெரியுமில்லியா? இந்தக் கறுப்பு உடுப்புக்காரனுவ ஆரு? நான் ஒரு சலாம் சொல்லி முடிக்கதுக்குள்ள வெட்டுதானுவ."

"தெரியாது சாச்சி" என்றேன்.

காக்காவிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் வீடு முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். அதனால் மறுநாளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழுப்புச் சட்டை வந்தது, கையை ஆட்டியது, விழுந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் "அல்லாஹ்வே" என்று மெதுவாக ஒரு குரல் கேட்டது. அது எனக்கு மட்டும்தான் கேட்டது. அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கடுத்த நாள் அந்த ஆள் வரவேயில்லை. போய்ப் பார்த்தால் சாச்சி லேப்டாப்பைப் பையில் போட்டு அலமாரியின் அடித்தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இது ஒக்காது பிள்ளை. வெள்ளிக்கிழம அவிய முன்னால திடீர்னு போய் நிக்கணும்னு நெனச்சேன். அந்தப் பாலத்தயே தாண்ட முடியல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சாச்சி கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். திட்டவில்லை.

"எல்லா நாளும் நீங்கதானா?"

"ம்."

முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு, "நீயாவது ஒருவாட்டி திரும்பக் கை காட்டியிருக்கப்பிடாதா, பிள்ளை?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காக்கா கடற்கரைக்குப் பந்து விளையாடப் போன நேரத்தில் அவனுடைய ஆளுக்குள் நான் புகுந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், என் வற்புறுத்தலால் லேப்டாப்பை மறுபடி எடுத்த சாச்சி. பாலத்தில் காக்காவின் கூட்டாளிகள் இரண்டு பேரும் வழக்கம்போல நின்றிருந்தார்கள். பழுப்புச் சட்டையைக் கண்டதும் ஒருவன் வாளை உருவினான். நான் குறுக்கே பாய்ந்து அவனை வெட்டினேன். நான்தான் காக்கா என்று நினைத்திருந்த மற்றவன், கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டு எழுதினான். பதில் எழுத எனக்கு நேரமில்லை.

"ஓடுங்க சாச்சி! நேராட்டு ஓடுங்க!" என்று கத்தினேன்.

"எது நேரு? எனக்குச் சுத்துதே!" என்று சுவருக்கு அப்பாலிருந்து சாச்சி கத்தினாள்.

"ஏட்டி, என்ன சத்தம் அங்க?" என்று அடுக்களையிலிருந்து உம்மா கத்தினாள்.

இருவரையும் விழத்தட்டுவதற்குள் காக்கா மூன்று மாதம் பாடுபட்டுச் சேர்த்த கவசம் சுக்குநூறாகிவிட்டது. சாச்சி பாலத்தைத் தாண்டியிருந்தாள். நானும் அவள் பின்னாலேயே போனேன்.

ஏரிக்கரையில் சாச்சாவின் ஆள் குதிரையில் நின்றிருந்தது. யாரோ ஒரு பழுப்புச் சட்டை தடுமாறி வருவதைப் பார்த்ததும் அவர் பழக்கதோஷத்தில் வாளை ஓங்கிவிட்டார். சாச்சி கையை உயர்த்தி ஆட்டினாள். 'வெட்டாதீங்க சாச்சா, இது சாச்சி' என்று எழுத்துப் பிழைகளோடு அவசரமாக அடித்து அனுப்பினேன்.

வாள் அப்படியே நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு சாச்சா குதிரையை விட்டு இறங்கினார்.

நான் காவலாக இருவரையும் சுற்றிச் சுற்றி வந்தேன். எந்தப் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் வெட்டத் தயாராக இருந்தேன். அப்போது சாச்சா எழுதினார்: 'மக்கா, நீ கொஞ்சம் அந்தால போய் வெளையாடு.'

கவசத்தை இழந்து கொண்டுவந்து சேர்த்தவளுக்கு இதுதான் மரியாதை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தூரத்தில் ஒரு பாறைமேல் ஏறி நின்று பார்த்தேன். அவர்கள் சண்டை போடவில்லை, எதையும் சேர்க்கவில்லை, ஏரிக்கரையில் அசையாமல் நின்றார்கள். சுவருக்கு அப்பால் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டும் சத்தம் கேட்டது. நடுவில் சாச்சி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

பாங்கு சொன்னதும் அவள் அறைக்கு ஓடினேன்.

"இவ்வளவு நேரம் என்ன சாச்சி பேசினீங்க?"

"ஒண்ணுமில்ல பிள்ளை. இன்னைக்கி என்ன கறின்னு கேட்டாவ. சாளை மீன்னு சொன்னேன்."

எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. சாச்சாவின் போன் வரும் நாட்களில் வீடே முன்னறையில் கூடும். ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் பேசி முடித்த பிறகு, கடைசியாகச் சாச்சியின் கையில் கொடுப்பார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் இதே கறி விஷயத்தை அரை நிமிடத்தில் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அன்று அந்திக்குக் காக்கா என் முதுகில் வைத்த அடி இரண்டு நாள் வலித்தது. அரை நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய ஒரு மீன்கறிக்கு எதற்காக ஒரு பாலமும் ஏரியும் அத்தனை நல்ல கவசமும் வேண்டியிருந்தன என்று, முதுகைத் தடவிக்கொண்டே நான் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.